எண்ணிக்கை குறையாமல் திரும்புவோம்

(நம் பங்கின் பொன்விழா யூபிலியை முன்னிட்டு உரோமை நகருக்குத் திருயாத்திரை செல்லவிருக்கும் 40 பேருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும், பங்கு மண்டபத்தில் நடைபெற்ற ஆயத்தக் கூட்டத்தில், யாத்திரைக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை.)



நம் பங்குக்கு வயது ஐம்பது ஆகிறது. இந்த யூபிலியை ஒட்டிக் கோயிலுக்கு வர்ணம் பூசினோம்; மாதா கெபியைப் புதுப்பித்தோம்; ஏழைக் குடும்பம் ஒன்றுக்கு வீடு கட்டிக் கொடுத்தோம். இப்போது நம்மில் நாற்பது பேர் புனித இராயப்பரும் புனித சின்னப்பரும் இரத்தம் சிந்திய மண்ணைத் தரிசிக்கப் புறப்படுகிறோம். இது நம் பங்குக்குக் கிடைத்த பெரும் பேறு.

உரோமையின் மகிமையைப் பற்றிப் பங்குத் தந்தை அவர்கள் அடுத்த ஞாயிறன்று விரிவாகப் பேசுவார்கள். நாங்கள் பேச வந்திருப்பது பாஸ்போர்ட்டைப் பற்றி, பெட்டியைப் பற்றி, ஊறுகாய்ப் புட்டியைப் பற்றி, பஸ்ஸிலே தலை எண்ணுவதைப் பற்றி. "இதற்கெல்லாம் ஒரு கூட்டமா?" என்று சிலர் நினைக்கலாம். ஆனால் கூட்டமாகப் போகிற யாத்திரையில் சட்டம் வேறு, பக்தி வேறு அல்ல. தனியாகப் போகிறவன் தவறினால் அவன் ஒருவனே கஷ்டப்படுவான். நாற்பது பேரில் ஒருவர் தவறினால் மற்ற முப்பத்தொன்பது பேரும் அந்தச் சுமையைச் சுமக்க வேண்டும். ஆகவே விதியைக் கடைப்பிடிப்பது, உடன் வருகிறவருக்கு நாம் செய்யும் முதல் அன்புச் செயல். இதைச் சொல்லத்தான் வந்தோம்.

லூக்காஸ் நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். பன்னிரண்டு வயது இயேசுவை அழைத்துக்கொண்டு மரியன்னையும் சூசையப்பரும் பாஸ்கா திருவிழாவுக்கு யெருசலேம் சென்றார்கள். அதுவும் கூட்டு யாத்திரைதான்; ஊராரும் உறவினருமாகச் சேர்ந்து போனார்கள். திரும்பும்போது, பிள்ளை கூட்டத்தோடு வருகிறான் என்று எண்ணிக்கொண்டு ஒரு நாள் வழி நடந்துவிட்டார்கள். பிறகுதான் தேடினார்கள். மூன்றாம் நாள்தான் கண்டுபிடித்தார்கள். உலகத்திலேயே மிகக் கவனமான அந்தப் பெற்றோருக்கே, "கூட்டத்தில் இருப்பான்" என்ற எண்ணம் மூன்று நாள் கண்ணீரைக் கொடுத்தது என்றால், நாம் எம்மாத்திரம்?

இன்னொன்றையும் நினைப்போம். கேரள நாட்டிலிருந்து கரியாற்றில் யோசேப்பு மல்பானும் பாறேம்மாக்கல் தோமா கத்தனாரும் 1778-இல் உரோமைக்குப் புறப்பட்டார்கள். நம் தமிழ்நாட்டு வழியாகவே சென்னைக்கு வந்து கப்பல் ஏறினார்கள். தோமா கத்தனார் ஊர் திரும்பியது 1786-இல். எட்டு ஆண்டுகள்! ஆயராக அபிஷேகம் பெற்றுத் திரும்பிய கரியாற்றில் ஆண்டகை, கோவா வரை வந்து அங்கே இறந்துபோனார். சொந்த ஊர் சேரவில்லை. அந்த யாத்திரையைத் தோமா கத்தனார் 'வர்த்தமானப் புஸ்தகம்' என்ற நூலாக எழுதி வைத்தார். அவர்கள் மாதக்கணக்காகக் கடலில் மிதந்து அடைந்த நகரை நாம் ஒரே நாளில் அடையப் போகிறோம். கஷ்டம் குறைந்துவிட்டது, அதற்கு ஈடாகக் காகிதங்கள் பெருகிவிட்டன. அவ்வளவே.

பெயரில் தொடங்குகிறது பயணம்

முதலில் பாஸ்போர்ட். பாஸ்போர்ட் இருக்கிறது என்றால் மட்டும் போதாது. நாம் இத்தாலியை விட்டுப் புறப்படும் நாளுக்குப் பின்னும் குறைந்தது மூன்று மாதம் அது செல்லத்தக்கதாக இருக்க வேண்டும்; வழங்கப்பட்டுப் பத்து ஆண்டுகளுக்கு மேற்படாததாக இருக்க வேண்டும்; அதில் இரண்டு பக்கங்களாவது வெறுமையாக இருக்க வேண்டும். வீட்டுக்குப் போனதும் எடுத்துப் பாருங்கள். ஓரம் கிழிந்திருந்தாலும், தண்ணீர் பட்டு எழுத்து கலங்கியிருந்தாலும், பேரப்பிள்ளை கிறுக்கியிருந்தாலும் இப்போதே சொல்லுங்கள். விமான நிலையத்தில் சொன்னால் எங்களால் ஒன்றும் செய்ய இயலாது.

அடுத்தது பெயர். இங்கேதான் நம் மக்களுக்குத் தொல்லை அதிகம். ஞானஸ்நானப் பதிவேட்டில் அந்தோணியம்மாள் என்று இருக்கும். குடும்ப அட்டையில் அந்தோனியம்மா. ஆதார் அட்டையில் அந்தோணி ஒரு சொல்லாகவும் அம்மாள் வேறு சொல்லாகவும் பிரிந்து கிடக்கும். வீட்டில் கூப்பிடுவதோ பாப்பா! நம்மிடையே குடும்பப் பெயர் என்பதே கிடையாது. தகப்பனார் பெயரின் முதல் எழுத்தைப் போட்டுக்கொள்வதோடு சரி. வெளிநாட்டு அதிகாரிக்கு அந்த ஒற்றை எழுத்தின் பொருள் தெரியாது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடத்தில் என்ன இருக்கிறது, பெயருக்கான இடத்தில் என்ன இருக்கிறது என்று எழுத்துக் கூட்டிப் பாருங்கள். அங்கே எப்படி இருக்கிறதோ அப்படியே விமானச் சீட்டிலும், விசா விண்ணப்பத்திலும், காப்பீட்டுத் தாளிலும் இருக்க வேண்டும். ஓர் எழுத்துகூட மாறக் கூடாது. ஒரே பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு ஐக்கிய அரபு நாடுகள் 2022 நவம்பரில் கட்டுப்பாடு விதித்ததை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். பெயரில் குறை இருந்தால் இப்போதே திருத்திக்கொள்வது நல்லது.

பொய் கலவாத விண்ணப்பம்

இத்தாலிக்கு நாம் பெறுவது ஷெங்கன் விசா. ஐரோப்பாவில் 29 நாடுகள் சேர்ந்து நடத்தும் ஏற்பாடு அது. பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்பு விண்ணப்பிக்க இயலாது. 15 நாளுக்கும் குறைவாக இருக்கும்போது விண்ணப்பிப்பதும் முறையல்ல. பெரியவர்களுக்குக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். பத்து விரல்களின் ரேகையும் பதிவு செய்வார்கள். 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அது இல்லை. வயலிலும் வீட்டிலும் உழைத்து ரேகை தேய்ந்த கைகள் நம்மில் பல உண்டு. அலுவலர் மறுபடி வைக்கச் சொன்னால் பதற வேண்டாம். எத்தனை முறை சொன்னாலும் பொறுமையாக வையுங்கள். அந்தத் தேய்மானம் அவமானம் அன்று.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறோம். "வங்கிக் கணக்கில் பணம் குறைவாக இருக்கிறது, யாரிடமாவது வாங்கிப் பத்து நாள் போட்டு வைக்கலாமா?" என்று எங்களைச் சிலர் கேட்டார்கள். வேண்டாம். அவர்கள் பார்ப்பது கடைசி நாள் இருப்பை மட்டும் அல்ல; பல மாத வரவு செலவை. திடீரென்று வந்து விழுந்த தொகை எதற்கு வந்தது என்பது அவர்களுக்குத் தெரியும். ஓய்வூதியம் வாங்குகிறவர் ஓய்வூதியப் புத்தகத்தைக் காட்டட்டும். விவசாயி நிலப் பத்திரத்தைக் காட்டட்டும். மகன் அனுப்புகிறான் என்றால் மகனுடைய கடிதத்தையும் சம்பளச் சான்றையும் வைக்கட்டும். இல்லாததை இருப்பதாகக் காட்டி இராயப்பர் கல்லறையில் போய் முழந்தாளிடுவதில் என்ன பலன்?

நம் பங்குத் தந்தைக்கும் விலக்கு இல்லை. வெளியூர்க் கோயில்களில் பூசை வைக்கும் குருவானவர், தாம் குருதான் என்பதற்கு ஆண்டகையிடமிருந்து சான்றுக் கடிதம் கொண்டு போக வேண்டும். "சாமியாரைப் பார்த்தால் தெரியாதா?" என்று நாம் கேட்கலாம். உரோமையில் சாமியார்களுக்குப் பஞ்சமில்லை, கடிதத்தைத்தான் கேட்பார்கள்.

பெட்டியும் பொட்டலமும்

இப்போது தாய்மார்கள் கவனிக்க வேண்டிய பகுதி. நம் வீட்டில் யார் வெளியூர் போனாலும் ஒரு பாதிப் பெட்டி தின்பண்டம்தான். அந்த அன்பை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் ஐரோப்பிய நாடுகளுக்கு வெளியிலிருந்து இறைச்சி, பால், அவற்றில் செய்த பண்டங்கள் எதையும் பயணிகள் கொண்டு நுழையக் கூடாது. பால்கோவா, நெய் புட்டி, உப்புக்கண்டம் எல்லாம் இதில் அடங்கும். பச்சைச் செடி, இலை, மாம்பழம் முதலியவற்றுக்கு அரசாங்கச் சான்று வேண்டும். ஆகவே கறிவேப்பிலைக் கொத்தையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அந்நிய மண்ணின் ஆடு மாடுகளுக்கும் பயிருக்கும் நம்மால் நோய் போய்ச் சேரக் கூடாது என்பதற்கான சட்டம் அது. நம்மைத் துன்புறுத்துவதற்கு அன்று.

கசகசாவைப் பற்றித் தனியாக எச்சரிக்கிறோம். நாம் குருமாவில் அரைத்துப் போடும் அதே கசகசா வளைகுடா நாடுகள் சிலவற்றில் போதைப் பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. அங்கேதான் நாம் விமானம் மாறுகிறோம். மசாலாப் பொடியில் கலந்திருந்தாலும் ஆபத்துதான். அதேபோல் கொப்பரைத் தேங்காயும் ஆகாது. எண்ணெய்ப் பசையால் தீப்பற்றக்கூடியது என்று விமானத்தில் தடுக்கிறார்கள்.

கையில் கொண்டு செல்லும் பையில் திரவம் எதுவானாலும் புட்டிக்கு 100 மில்லிலிட்டருக்கு மேல் கூடாது. தைலம், தேங்காய் எண்ணெய், ஊறுகாய், வேளாங்கண்ணித் தீர்த்தம் எல்லாவற்றுக்கும் ஒரே அளவுதான். கத்தரிக்கோல், அரிவாள்மனை, தேங்காய்த் துருவி போன்றவை பெரிய பெட்டியில்கூட எதற்கு? கைத்தொலைபேசிக்கு மின்சாரம் ஏற்றும் மின்கலப் பெட்டி மட்டும் இதற்கு நேர்மாறு: அதைப் பெரிய பெட்டியில் போடக் கூடாது, கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

மருந்துகளைக் கைப்பையிலேயே வையுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் அதைச் சரக்குப் பெட்டியில் போடாதீர்கள். அங்கே உறைந்து கெட்டுவிடலாம். மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு ஆங்கிலத்தில், மருந்தின் பெயர் தெளிவாகத் தெரியும்படி இருக்கட்டும். கடும் வலிக்கும் இருமலுக்கும் நாம் சாதாரணமாக வாங்கும் சில மருந்துகளுக்கு வளைகுடாவில் முன் அனுமதி வேண்டும். உங்கள் மருந்துப் பட்டியலை எங்களிடம் கொடுத்தால் பார்த்துச் சொல்கிறோம். இத்தாலியில் கோடைக் காலத்தில் கடிகாரம் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் ஓடும். குளிர்காலத்தில் நாலரை மணி நேரம். சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எந்த நேரத்தில் சாப்பிடுவது என்று மருத்துவரிடம் முன்னதாகவே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நகை வேண்டாம். தாலி போதும். இராயப்பர் ஆலயத்தில் நம் சங்கிலியை நிறுத்துப் பார்க்க ஆள் இல்லை. ஆனால் பெரிய ஆலயத்துக்குப் போகும் நகரப் பேருந்தில் அதை அறுத்துப் போக ஆள் உண்டு. முன்பின் தெரியாத ஒருவர், "இந்தப் பொட்டலத்தை மட்டும் கொண்டுபோய்க் கொடுங்கள்" என்றால், அவர் ஜெபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டாலும் வாங்காதீர்கள்.

உரோமையில்

ஆலயங்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். நம் சேலைக்கும் வேட்டிக்கும் அங்கே மரியாதை உண்டு. நம் இளைஞர்களின் அரைக்கால் சட்டைக்குத்தான் இடமில்லை. இராயப்பர் சதுக்கத்தில் நுழையும்போது விமான நிலையத்தைப் போலவே சோதனை செய்வார்கள். வரிசை நீளமாக இருக்கும். சிஸ்டைன் சிற்றாலயத்தில் படம் எடுக்கக் கூடாது, பேசவும் கூடாது. நிலத்தடிக் கல்லறைகளிலும் படம் எடுக்க விடமாட்டார்கள். உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். மூட்டுவலிக்காரர்கள் படிகளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இராயப்பர் ஆலயத்தின் கோபுர உச்சிக்கு 551 படிகள். ஏறாவிட்டால் யாத்திரை குறைவுபடாது. புனிதப் படிக்கட்டு என்னும் 28 படிகளை முழந்தாளிட்டு ஏறுவது வழக்கம். அங்கே அவசரமும் வேண்டாம், போட்டியும் வேண்டாம்.

புதன்கிழமைதோறும் வழக்கமாக நடைபெறும் திருத்தந்தையின் பொதுச் சந்திப்புக்கு அனுமதிச் சீட்டு இலவசம். யாராவது விலைக்கு விற்றால் வாங்காதீர்கள். அந்தச் சதுக்கத்தில்தான் 2022 மே 15 அன்று நம் மறைசாட்சி தேவசகாயம் புனிதராக அறிவிக்கப்பட்டார். ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் 1752-இல் சுட்டுக் கொல்லப்பட்ட அந்த நம்மூர் மனிதரின் பெயர் அங்கே ஒலித்ததை நினைத்துக்கொண்டு நில்லுங்கள். புனித மரியன்னைப் பேராலயத்தில் 2025 ஏப்ரலில் அடக்கம் செய்யப்பட்ட திருத்தந்தை பிரான்சிசின் எளிய கல்லறையையும் தரிசிப்போம். 2025 யூபிலி ஆண்டின் புனிதக் கதவு நமக்குத் திறந்திருக்காது. அந்த ஆண்டு முடிந்துவிட்டது. ஆனால் அப்போஸ்தலர்களின் கல்லறைக்குப் பூட்டு இல்லை.

ஊருக்குள்ளும் விதிகள் உண்டு. நகரப் பேருந்தில் சீட்டு வாங்கினால் போதாது. உள்ளே இருக்கும் இயந்திரத்தில் அதைப் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் சீட்டு கையில் இருந்தும் அபராதம்தான். ஸ்பானியப் படிக்கட்டு என்ற பிரபலமான இடத்தில் 2019 முதல் உட்காரவே தடை. நீரூற்றுகளில் கால் நனைக்கக் கூடாது. ஆனால் தெருவோரங்களில் இடைவிடாமல் ஓடும் சிறு குழாய்களில் வரும் தண்ணீர் குடிக்க நல்லது. காலிப் புட்டி ஒன்று வைத்துக்கொண்டால் காசு மிச்சம். பாஸ்போர்ட்டின் நகல் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பெட்டியில், ஒன்று உங்கள் பத்துப்பேர்த் தலைவரிடம். பாஸ்போர்ட் தொலைந்தால் மறைக்காதீர்கள். உடனே சொன்னால், காவல் நிலையத்தில் எழுதி வைத்து, உரோமையிலுள்ள இந்தியத் தூதரகத்தில் அவசரச் சான்றிதழ் பெற்று ஊர் திரும்ப வழி உண்டு. ஆபத்து வேளைக்கு அழைக்க வேண்டிய எண் 112.

இனி எண்ணிக்கை. நாற்பது பேருக்கும் 1 முதல் 40 வரை எண் கொடுத்திருக்கிறோம். பஸ் புறப்படும் முன் ஒவ்வொரு முறையும் அவரவர் எண்ணை அவரவரே வாயால் சொல்ல வேண்டும். கணவனுக்காக மனைவி சொல்லக் கூடாது. நண்பனுக்காக நண்பன் சொல்லக் கூடாது. "இருக்கிறார், வந்துவிடுவார்" என்ற சொல்லை இந்த யாத்திரையில் நாங்கள் ஏற்கமாட்டோம். ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்பீர்கள். அதைத்தான் இனிச் சொல்ல வேண்டும்.

முப்பத்தெட்டு முப்பத்தேழான காலை

2019-இல் நம் பங்கிலிருந்து ஒரு குழு உரோமைக்குப் போனது உங்களில் பலருக்குத் தெரியும். 38 பேர் போனோம். திரும்பியது 37 பேர். இதை இந்த ஊரில் எல்லாரும் தனித்தனியாகப் பேசியிருக்கிறோம். ஒரு மேடையில் ஒருநாளும் பேசியதில்லை. பேசாமல் இன்னொரு யாத்திரைக்குப் புறப்படுவது சரியல்ல என்று எங்கள் மனச்சாட்சி சொல்லுகிறது. சம்பந்தப்பட்ட குடும்பத்தாரிடம் முன்கூட்டியே சொல்லி, அவர்கள் சம்மதத்தோடுதான் பேசுகிறோம்.

கடைசி நாள் விடியற்காலை நாலு மணிக்கு பஸ் வந்து நின்றது. இருட்டு. எல்லாருக்கும் தூக்கக் கலக்கம். எண்ணியபோது ஓர் இளைஞர் குறைந்தார். "இருக்கிறான், பின்னால் வருகிறான்" என்று யாரோ சொன்னார்கள். அதை நம்பிப் பெட்டிகளை ஏற்றினோம். மறுபடி எண்ணியபோதும் இல்லை. அறைக்குப் போய்ப் பார்த்தால் படுக்கை கலையாமல் இருந்தது. பெட்டி இருந்தது, அதிலே அவருடைய தாய் மடித்து வைத்த சட்டைகள் இருந்தன. பாஸ்போர்ட்டும் அவரும் இல்லை.

விபத்தோ என்று அஞ்சித் தெருத் தெருவாகத் தேடினோம். பிறகு அவருடைய நண்பர் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னார். வேலை தேடித் தங்கிவிட்டார். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினோம். விமான நிலையத்தில் பெட்டி வாங்கும் மேசை மூடச் சில நிமிடங்களே இருந்தன. முன்னதாகச் சொல்லி வைத்திருந்த சக்கர நாற்காலிகள் நேரம் கடந்ததால் கிடைக்கவில்லை. எழுபது வயதைக் கடந்த இரு தாய்மார்கள் அந்த நீண்ட நடைவழி முழுவதும் மூச்சு வாங்க நடந்தார்கள். ஊர் திரும்பிய பிறகு, நாங்கள் திரும்பிவிட்டோம் என்பதைக் காட்டுவதற்காக 37 பேரும் பாஸ்போர்ட்டோடு சென்னைக்குப் போய் வர நேர்ந்தது. 2023-இல் மறுபடி ஒரு சிறு குழு விண்ணப்பித்தபோது நான்கு பேருக்கு விசா மறுக்கப்பட்டது. அந்தப் பழைய சம்பவமே காரணம் என்று எவரும் எழுத்தில் சொல்லவில்லை. ஆனால் நம் பங்கின் முத்திரையிட்ட கடிதத்துக்கு முன்பிருந்த மதிப்பு குறைந்துவிட்டதோ என்ற வருத்தம் எங்களுக்கு உண்டு.

அந்த இளைஞர் என்ன ஆனார்? உயிரோடு இருக்கிறார். விசாக் காலம் முடிந்து, காகிதம் ஏதுமின்றி, கிடைத்த வேலையைக் கிடைத்த கூலிக்குச் செய்கிறார். கூலி கொடுக்காமல் ஏமாற்றினாலும் போய்ப் புகார் சொல்ல வாயில்லை. 2021-இல் அவருடைய தகப்பனார் இறந்தார். ஒரே மகன் வர முடியவில்லை. வந்தால் திரும்பிப் போக இயலாது. வாங்கிய கடனோ பாதிகூடத் தீரவில்லை. அடக்கச் சடங்கைக் கைத்தொலைபேசியில் காட்டினார்கள். குழிக்கு ஒரு பிடி மண் போட மகனுக்குப் பதில் நம் இளைஞர் மன்றத்தார் நின்றார்கள்.

அவர் மேல் கல்லெறிய நாங்கள் இதைச் சொல்லவில்லை. குற்றம் அவருடையது மட்டும் அன்று. அவர் பணம் கட்டும்போது, வேலை இல்லாத பையனுக்கு இவ்வளவு தொகை எப்படி வந்தது என்று எங்களுக்குத் தோன்றியது. வட்டிக்கு வாங்கினார் என்ற பேச்சும் காதில் விழுந்தது. நாங்கள் கேட்கவில்லை. குழுவுக்கு ஓர் ஆள் குறைவாக இருந்தது; ஆள் குறைந்தால் எல்லாருக்கும் கட்டணம் கூடும். ஆகவே வாங்கிக்கொண்டோம். விடியற்காலையில் பஸ்ஸில் எண்ணியதை, அதற்கு மூன்று மாதம் முன்பே எண்ணியிருக்க வேண்டும். அன்றே எங்கள் எண்ணிக்கையில் அவர் இல்லை, நாங்கள்தான் கவனிக்கவில்லை. இதற்காகப் பங்கு மக்களிடமும், முக்கியமாக அந்தத் தாயிடமும், யாத்திரைக் குழு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறது.

ஆகவே இந்த முறை ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். உங்களில் எவருக்காவது அங்கே தங்கிவிடும் எண்ணம் இருந்தால், அல்லது வீட்டார் அப்படி வற்புறுத்தினால், பங்குத் தந்தையிடமோ எங்களிடமோ தனியாக வந்து சொல்லுங்கள். விமானச் சீட்டு வாங்கும் நாள் வரை கட்டிய பணத்தை முழுதுமாகத் திருப்பித் தருகிறோம். பெயர் வெளியே வராது. வெளிநாட்டில் வேலை செய்ய விரும்புவது பாவம் அன்று. அதற்கு நேர்வழிகள் உண்டு. இத்தாலி அரசு ஆண்டுதோறும் வெளிநாட்டுத் தொழிலாளருக்கென்று ஓர் எண்ணிக்கையை ஒதுக்குகிறது. நம் நாடும் இத்தாலியும் 2023 நவம்பரில் இதுபற்றி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர் நம் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவரா என்று பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அந்த வழி நீளமானது. கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் அந்த வழியில் போனவன் தகப்பன் இறந்தால் வீட்டுக்கு வரலாம்.

மேலும், ஐரோப்பிய எல்லைகளில் 2025 அக்டோபர் 12 முதல் புதிய முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக முகமும் விரல் ரேகையும் கணிப்பொறியில் பதிவாகின்றன. யார் உள்ளே வந்தார், யார் வெளியே போகவில்லை என்பதை அது தானே எண்ணிச் சொல்லிவிடும். ஆனால் அந்த இயந்திரத்துக்கு அஞ்சி நீங்கள் திரும்பி வர வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. நம் எண்ணிக்கை வேறு காரணத்துக்காக.

இருநூற்று எழுபத்தாறு பேர்

புனித சின்னப்பர் எப்படி உரோமைக்குப் போனார்? கைதியாகப் போனார். அப்போஸ்தலர் பணி நூலின் 27-ஆம் அதிகாரத்தைப் புறப்படும் முன் எல்லாரும் வீட்டில் வாசியுங்கள். பதினான்கு நாள் புயலில் அலைந்த கப்பல். கரை நெருங்குகிறது என்று தெரிந்ததும், மாலுமிகள் சிலர் நங்கூரம் இறக்குவதுபோல் பாசாங்கு செய்து, சிறு படகில் ஏறித் தாங்கள் மட்டும் தப்பப் பார்த்தார்கள். சின்னப்பர் அதைக் கண்டார். இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்களும் பிழைக்க முடியாது என்று படைத்தலைவனுக்கு உணர்த்தினார். படைவீரர்கள் கயிற்றை அறுத்துப் படகைக் கடலோடு போகவிட்டார்கள். அதன்பின் சின்னப்பர் எல்லாரையும் உண்ணச் சொல்லி, அப்பத்தை எடுத்து நன்றி கூறிப் பிட்டு உண்டார். அந்த இடத்தில் லூக்காஸ் ஒரு கணக்கை எழுதி வைக்கிறார்: கப்பலில் இருந்தவர்கள் 276 பேர். கப்பல் உடைந்தது, சரக்கு போயிற்று. ஆனால் நீந்தியும் பலகைகளைப் பிடித்தும் ஒருவர் விடாமல் எல்லாரும் கரை சேர்ந்தார்கள்.

அந்தக் கப்பலில் கைதிகள் இருந்தார்கள், வீரர்கள் இருந்தார்கள், மாலுமிகள் இருந்தார்கள். லூக்காஸ் எல்லாரையும் சேர்த்தே எண்ணினார். நாமும் அப்படியே. முழங்கால் வலிக்கிற பாட்டியும், படம் எடுக்க ஓடுகிற தம்பியும், எப்போதும் தாமதமாக வரும் அண்ணாச்சியும், எல்லாம் தெரிந்தது போலப் பேசும் செயற்குழுவாகிய நாங்களும் ஒரே எண்ணிக்கைதான்.

அன்பர்களே, பெட்டி எடை கூடினால் கொஞ்சம் எடுத்து வைத்துவிடலாம். புட்டியைத் தூக்கி எறிந்தால் வேறு வாங்கலாம். ஆள் குறைந்தால் ஈடு செய்ய முடியாது. நாம் திரும்பி வரும் நாளில் கோயில் வாசலில் மணி அடித்து நம்மை வரவேற்பதாகப் பங்குத் தந்தை சொல்லியிருக்கிறார்கள். நற்கருணை நாதர் சந்நிதியில் நன்றி கூறுமுன் கடைசியாக ஒரு முறை எண்ணுவோம். 40 என்ற எண்ணை அதற்குரியவர் தம் வாயாலேயே சொல்லுவார்.

வழித் துணையாக மரியன்னையும், பயணத்தின் கஷ்டம் அறிந்த சூசையப்பரும் நம்மோடு இருப்பார்களாக.